கல்லாவை எண்ணிய பிறகு: நஃப்ஸிடம் இரவுக் கணக்குக் கேட்கும் முறை

ரங்கூன் நகர மையத்தில் பருப்பும் உளுந்தும் விற்கிற எங்களைப் போன்றவர்கள், கல்லாப்பெட்டியில் உள்ள பணத்தை எண்ணி அன்றைய சிட்டையோடு ஒத்துப் பார்க்காமல் கடைக் கதவைச் சாத்துவதில்லை. ஆயிரம் கியாட் குறைந்தால்கூட, யாருக்குச் சில்லறை கூடுதலாகக் கொடுத்தோம், எந்தச் சரக்கை எழுத மறந்தோம் என்று மின்சாரம் போன இருட்டிலும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுகிறோம். இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்குத் தன் நஃப்ஸிடம், அதாவது தன் உள்மனத்திடம், கணக்குக் கேட்கத் தனியாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பலமுறை தொடங்கி, பலமுறை கைவிட்ட பிறகுதான் அதற்கும் ஒரு முறை தேவை என்று விளங்கியது. எனக்குப் பயன்பட்ட அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

இஸ்லாமிய மார்க்கத்தில் இப்படித் தன்னைத் தானே கணக்குக் கேட்பதற்கு முஹாஸபா என்று பெயர். நாளைக்காகத் தான் எதை முன்னதாக அனுப்பி வைத்திருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆத்மாவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று குர்ஆனின் ஹஷ்ர் அத்தியாயத்தின் (ஸூரா) 18ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கணக்குக் கேட்கப்படுவதற்கு முன் உங்களை நீங்களே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற உமர் (ரலி) அவர்களின் சொல்லைப் பள்ளிவாசல் பயான்களில் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். பஸ்ராவில் பிறந்து, பக்தாதில் வாழ்ந்து, 857ஆம் ஆண்டில் மறைந்த ஹாரிஸ் என்ற அறிஞருக்கு இந்தப் பழக்கத்தினாலேயே அல்முஹாஸிபீ, அதாவது கணக்குக் கேட்பவர், என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதை வியாபாரியின் மொழியிலேயே விளக்கினார்கள். அறிவுதான் வியாபாரி, நஃப்ஸ் அவனுடைய கூட்டாளி, ஆயுள் அவர்கள் போட்ட முதல். காலையில் கூட்டாளியிடம் நிபந்தனை பேசி முதலை ஒப்படைக்க வேண்டும், பகலில் அவன்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும், இரவில் கணக்குக் கேட்க வேண்டும். கூட்டு வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்த உவமை உடனே பிடிபடும். கூட்டாளி கெட்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்பார் இல்லாவிட்டால் நல்ல கூட்டாளியும் கல்லாவில் கை வைப்பான்.

முதலில் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். இரவுத் தொழுகையான இஷா தொழுத பின், படுக்கைக்குப் போவதற்கு முன், பத்து நிமிடம் போதும். விடியற்காலைத் தொழுகையான ஸுப்ஹுக்குப் பின் மனம் தெளிவாக இருக்குமே என்று கேட்கலாம். தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் முந்தின நாளின் வாக்குவாதங்களை எல்லாம் இரவுத் தூக்கம் நமக்குச் சாதகமாகத் திருத்தி எழுதியிருக்கும். என் மனைவி அந்தித் தொழுகையான மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் உட்காருகிறாள். சமையற்கட்டும் பிள்ளைகளும் அவளுக்கு விட்டுத்தருகிற நேரம் அதுதான். எந்த நேரமாக இருந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் கைப்பேசி கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இங்கே இரவில் மின்சாரம் நிற்பதை நாம் ஒரு துன்பமாகவே பேசுகிறோம், அது துன்பம்தான். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அது தொந்தரவாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த நாளில் தொடங்குவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ரமளானில் தொடங்காதீர்கள். அந்த மாதத்தில் வீடும் தெருவும் பள்ளிவாசலும் சேர்ந்து நம்மைத் தாங்கிப் பிடிக்கின்றன. அடுத்த மாதமான ஷவ்வாலில் அந்தத் தாங்கல் போனதும் நம்முடைய ஏற்பாடும் சாய்ந்துவிடுகிறது. பயத்தில் எடுத்த உறுதியும் அப்படித்தான். 2025 மார்ச் 28ஆம் தேதி, ரமளானின் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில் 7.7 அளவில் நிலம் நடுங்கி, மாண்டலேயிலும் சகாயிங்கிலும் பள்ளிவாசல்கள் இடிந்து, தொழ வந்தவர்கள் பலர் உள்ளேயே மௌத்தானார்கள். அந்த வாரம் அழாதவர்களும் தவ்பாச் செய்யாதவர்களும் (பாவமன்னிப்புத் தேடாதவர்களும்) எங்கள் வட்டாரத்தில் இல்லை. நானும் ஒரு நீண்ட பட்டியல் எழுதினேன். ஹஜ் மாதமான துல்ஹஜ் பிறப்பதற்குள் அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஆகவே, ஒன்றும் விசேஷமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வியாபாரம் மந்தமாக இருக்கிற ஒரு மழைநாள், இவைதான் தொடங்குவதற்கு ஏற்ற நாட்கள். அமல்களில், அதாவது நற்செயல்களில், அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற நபிமொழியை நேரடியாகவே எடுத்துக்கொண்டு, மிகச் சிறிய அளவில் ஆரம்பியுங்கள்.

அடுத்தது குறிப்பேடு. சட்டைப் பையில் அடங்குகிற சிறிய ஏடு ஒன்று போதும். ஆனால் அதில் என்ன எழுதுவது என்பதில் பலர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். தொடக்கத்தில் ஒவ்வொரு பாவத்தையும் நடந்த இடம், பேசிய சொல், உடனிருந்தவர் பெயர் எல்லாவற்றோடும் விரிவாக எழுதி வந்தேன். அது முறையல்ல என்று மார்க்கம் கற்ற ஒரு ஹஜ்ரத் எடுத்துச் சொன்னார். தம் பாவத்தைத் தாமே வெளிப்படுத்துகிறவர்களைத் தவிர என் சமுதாயத்தார் அனைவரும் மன்னிக்கப்படுவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அல்லாஹ் இரவில் மறைத்து வைத்ததைக் காலையில் நாமே திறந்து காட்டுவது அங்கே கண்டிக்கப்படுகிறது. பிள்ளைகள் கையில் சிக்கக்கூடிய ஏட்டில் அதை எழுதி வைப்பது ஏறக்குறைய அந்தக் காரியத்தைத்தான் செய்கிறது. எனவே சொற்களை விட்டுவிட்டு, உங்களுக்கு மட்டும் புரிகிற குறிகளைப் போடுங்கள். நாவுக்கு ஒரு புள்ளி, கோபத்துக்கு ஒரு கோடு, தராசுக்கு ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளின் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த என் பாட்டனார் தம் சொந்தக் குறிப்புகளை அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதி வைத்திருந்தார் என்று என் வாப்பா சொல்வார்கள். மதரஸாவில் அரபு எழுத்தைப் படித்து, தமிழ் எழுத்தை அரைகுறையாக மட்டும் அறிந்திருக்கிற இன்றைய பிள்ளைகளுக்கு அது இன்னமும் ஒரு நல்ல வழி என்று தோன்றுகிறது.

இனி, எதிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததே இதற்காகத்தான். பெரும்பாலோர் தொழுகையின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறார்கள்: ஐந்து வேளை தொழுதேனா, குர்ஆன் எத்தனை பக்கம் ஓதினேன், நபிக்கான வாழ்த்தாகிய ஸலவாத்து எத்தனை முறை சொன்னேன். இவை எண்ணுவதற்கு எளிதானவை என்பதால் மனம் இவற்றையே நாடுகிறது. மனிதர்களுக்குத் தர வேண்டிய பாக்கியிலிருந்து தொடங்குங்கள் என்றே நான் சொல்வேன். திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். பணமும் பொருளும் இல்லாதவன் என்று அவர்கள் பதில் சொன்னபோது, தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமைக்கு வந்து, ஆனால் ஒருவரை ஏசி, ஒருவர்மேல் அவதூறு சுமத்தி, ஒருவர் பொருளை உண்டு, ஒருவரை அடித்திருந்ததால் தன் நன்மைகளை எல்லாம் அவர்களுக்குப் பங்கு வைத்து, அவை தீர்ந்த பிறகு அவர்களுடைய பாவங்களையும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறவனே என் சமுதாயத்தின் திவாலானவன் என்று விளக்கினார்கள். வரவு நிறைய இருந்தும் கடன்காரர்கள் வரிசையில் நின்று அள்ளிக்கொண்டு போக, கடைசியில் மஞ்சள் கடுதாசி கொடுக்கிற கடைக்காரனின் நிலை அது. வரவை மட்டும் எழுதி, கொடுக்க வேண்டியதை எழுதாத பேரேட்டை எந்த வியாபாரியும் பேரேடு என்று ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஆகவே இரவில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, இன்று என்னால் யாருக்கு இழப்பு நேர்ந்தது என்பதாக இருக்கட்டும். அவரவர் தொழிலுக்குள் இதற்கான இடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவரவர்தாம் கண்டுபிடிக்க முடியும். எங்கள் தொழிலில் அது எடையில் இருக்கிறது. பர்மியர் பெய்தா என்று சொல்கிற வீசை, தமிழிலிருந்து போன அளவுதான் என்றாலும், ஊரில் அக்காலத்தில் சுமார் 1.4 கிலோவாக இருந்தது இங்கே சுமார் 1.63 கிலோவாக இருக்கிறது. கிலோவில் பேசி வாங்கிய சரக்கை வீசையில் விற்கும்போது, மனக்கணக்குக்கு எளிதாக இருக்கட்டுமே என்று 1.6 என்று வைத்துக்கொண்டால் ஒரு வீசைக்கு 30 கிராம் நம் பக்கம் வந்துவிடும். 100 வீசைக்கு 3 கிலோ. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, கணக்குச் சற்று வழுவழுப்பாக்கப்பட்டது, அவ்வளவுதான். அளவில் குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று தொடங்குகிற ஸூரா முதஃப்பிஃபீனை, தங்களுக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்கள் என்ற அதன் விளக்கத்தோடு, ஒரு முறை கடைக்குள் நின்று ஓதிப் பாருங்கள். ஆசிரியராக இருப்பவருக்கு அது வகுப்பில் வீணடித்த நேரமாக இருக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு முதலாளியின் நேரத்தில் பார்த்த சொந்த வேலையாக இருக்கலாம். வீட்டில் இருப்பவருக்கு வேலைக்கார அம்மாவிடம் காட்டிய கடுமையாக இருக்கலாம்.

இழப்பைக் கண்டுபிடித்துவிட்டால், மறுநாளே அடைக்க வேண்டும். தவ்பாவுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துச் சொன்ன நிபந்தனைகளில் பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகிய மூன்றும் நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் முடிந்துவிடும். மனிதருடைய உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் சேர்ப்பது நான்காவது நிபந்தனை. அழுகையால் நான்காவது நிறைவேறாது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் கிடங்கில் அடிமூட்டை உளுந்து ஈரம் கோத்துவிட்டது. அதை உலர்ந்த சரக்கோடு கலந்து, தெருவில் வடை சுட்டு விற்கிற ஒரு பர்மியப் பெண்ணுக்கு ஐந்து வீசை போட்டுக் கொடுத்துவிட்டேன். மழை செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, விரலில் ஈரம் பட்டதும், இது என்ன என்று கேட்டபோது அந்த வியாபாரி சொன்ன பதிலும் மழைதான். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அவர்கள் சொன்னது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் சாக்கு அச்சு மாறாமல் அதேதான்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணிடம் போய், சரக்கு கொஞ்சம் சரியில்லாமல் இருந்திருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னேன். 'கெய்சா மஷிபாபூ', பரவாயில்லை, என்று சிரித்தாள். கணக்குத் தீர்ந்தது என்று ஏட்டில் குறியை அடித்துவிட்டேன். இங்கே வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எதிரே இருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று தன் குறையை விழுங்கிக்கொள்ளும் கூச்சத்துக்குப் பர்மியர் 'ஆனா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான குணம்தான், தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிற நம்மிடமும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சத்திலிருந்து வருகிற பரவாயில்லையை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவள் அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவே இல்லை. மூன்று மாதம் கழித்துப் புது உளுந்து ஐந்து வீசையைத் தூக்கிக்கொண்டு போய், ஈரம் என்று தெரிந்தே கலந்தேன் என்று நேராகச் சொன்னேன். அப்போது அவள் என்னைத் தெருவே கேட்கும்படி ஏசினாள், அன்று போட்ட மாவு புளித்துப் போய் ஒரு நாள் வியாபாரமே கெட்டது என்பதையும் அப்போதுதான் சொன்னாள். பிறகு உளுந்தை வாங்கி உள்ளே வைத்தாள். ஆகவே மன்னிப்புக் கேட்கும்போது என்ன செய்தோம் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள், ஈடு செய்ய வேண்டியதைக் கையோடு கொண்டு போங்கள், எதிரே இருப்பவர் கோபப்படுவதற்கு இடம் கொடுங்கள். தடிஞ்ஜுட் பண்டிகையின்போது இளையவர்கள் பெரியவர்களை வணங்கி, செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கிற பர்மிய வழக்கத்தைப் பார்க்கும்போது, வணங்குவது நமக்குரியதல்ல என்றாலும், நேரில் போய்ப் பிழை பொறுக்கக் கேட்பதில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உரியவரைத் தேடியும் கிடைக்கவில்லை, வாரிசும் இல்லை என்றால், அந்தத் தொகையை அவர் பெயரால் ஸதகாவாக, அதாவது தர்மமாக, கொடுத்துவிடும்படி மார்க்க அறிஞர்களான உலமாக்கள் வழி சொல்கிறார்கள்.

அடுத்தது நாவு. தேநீர்க் கடையின் குட்டை முக்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று பேருடைய இறைச்சியையாவது தின்றுவிட்டுத்தான், அதாவது அவர்களைப் புறம் பேசிவிட்டுத்தான், எழுகிறோம். உன் சகோதரன் வெறுப்பதை அவனைப் பற்றிச் சொல்வதே புறம், அது உண்மையாக இருந்தாலும் புறம்தான், இல்லாவிட்டால் அவதூறு என்ற விளக்கம் எல்லோரும் அறிந்தது. புறம் பேசப்பட்டவரிடம் போய்ச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. சொல்வதால் புதிய பகை மூளும் என்றால், அவருக்காகத் துஆச் செய்து, எந்த இடத்தில் தாழ்த்திப் பேசினோமோ அதே இடத்தில் அவருடைய நல்லதைப் பேசுவது போதும் என்ற கருத்தை நான் பின்பற்றுகிறேன். பழக்கத்தை விடுவதற்குத்தான் வழி தேவைப்பட்டது. மாலிக் இமாமின் மாணவரான அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் (ரஹ்) அவர்கள், ஒவ்வொரு முறை புறம் பேசும்போதும் ஒரு நாள் நோன்பு என்று தமக்கு விதித்துக்கொண்டார்கள்; நோன்பு பழகிப்போய்ப் புறமும் தொடர்ந்தது. பிறகு ஒவ்வொரு முறைக்கும் ஒரு திர்ஹம் என்று மாற்றியதும், காசின் மேலிருந்த பிரியத்தில் புறம் நின்றுவிட்டது என்று அவர்களே சொன்னதாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இமாமுக்கே அப்படியென்றால் பருப்புக் கடைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் 500 கியாட் தாளில் தொடங்கினேன். அது வலிக்கவே இல்லை. 5,000 ஆக்கிய பிறகு தேநீர்க் கடையில் என் பேச்சுக் குறைந்துவிட்டது என்று நண்பர்கள் உடல்நிலையை விசாரிக்கத் தொடங்கினார்கள். பெட்டியில் சேர்கிற பணம் மாதக் கடைசியில் ஏழைகளுக்குப் போகிறது. ஒரு எச்சரிக்கை: இதை நேர்ச்சையாக வாயால் சொல்லிவிடாதீர்கள். நேர்ச்சை செய்தால் அதற்குரிய சட்டங்கள் வந்து சேரும். நமக்கு வேண்டியது ஒரு வீட்டு ஒழுங்கு மட்டுமே.

தொழுகைக்கான கேள்வியைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம்: எந்த வக்து (வேளை) தவறியது, எது கடைசி நேரத்துக்குத் தள்ளப்பட்டது, ஏன். தவறியிருந்தால் அன்றே களாச் செய்ய, அதாவது விட்டதை ஈடாகத் தொழ, வேண்டும். பழைய ஆண்டுகளின் பாக்கி இருந்தால் ஒவ்வொரு கடமைத் தொழுகையோடும் (பர்ளு) அதே வக்தின் ஒரு களாவைச் சேர்த்துத் தொழுது குறைத்து வரலாம். எங்கள் கடையில் மாலைத் தொழுகையான அஸர்தான் அடிபடுகிறது, வாடிக்கையாளர்கள் கூடுகிற நேரம் அது. கடைப் பையன்களை மாற்றி மாற்றி உட்கார வைத்ததும் அந்தச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஈமானின் குறை என்று நான் பல மாதம் புலம்பியதில் பாதி, வேலையை ஒழுங்குபடுத்தாத குறைதான்.

நன்மைகளை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுத வேண்டாம் என்பதே என் எண்ணம். கொடுத்த தர்மத்தை ஏட்டில் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்தவர் பார்க்காவிட்டாலும் நாமே நமக்கு ரசிகராகிவிடுவோம். அன்று கிடைத்த ஒரு நிஃமத்தை, அதாவது அருட்கொடையை, மட்டும் வாயால் சொல்லி, அல்ஹம்துலில்லாஹ் என்று முடியுங்கள்.

சில வாரங்களில் ஒரு சோர்வு வரும். தொழுகையில் இளகுகிற மனம் கல்லாவின் முன் இறுகிவிடுகிறதே, நான் முனாஃபிக்கா, நயவஞ்சகனா, என்ற பயம் வரும். நபித்தோழர் ஹன்ளலா (ரலி) அவர்களுக்கும் அதே பயம் வந்தது. நபியின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்ததும் நிறைய மறந்துவிடுகிறது என்று அவர்கள் முறையிட்டபோது, இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்றுதான் பதில் கிடைத்தது. அப்படிப்பட்ட இரவில் கேள்விகளை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது பாவமன்னிப்புக் கேட்கும் இஸ்திஃக்ஃபார் மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள்.

வியாழன் மஃரிபோடு வெள்ளி தொடங்கிவிடுவதால், வாரக் கணக்கை அன்றிரவு கூட்டிப் பார்ப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. ஒரே குறி மூன்று வாரம் தொடர்ந்து வந்தால், இனிமேல் கவனமாக இருப்பேன் என்று மீண்டும் உறுதி எடுப்பதில் பயனில்லை. இடத்தை, நேரத்தை, உடனிருப்பவரை மாற்ற வேண்டும். பிறைக் கணக்கில் மாதம் முடிந்ததும் ஐந்தொகை போட்டு, யாருக்காவது இன்னும் அடைக்க வேண்டியிருந்தால் அதை மட்டும் அடுத்த மாதத்தின் முதல் பக்கத்துக்கு எடுத்து எழுதிக்கொண்டு, மற்றத் தாள்களைக் கிழித்துக் கரைத்துவிடுகிறேன். வடை விற்கிற அந்தப் பெண் இப்போது மீண்டும் கடைக்கு வருகிறாள். அளந்து போடுவதற்கு முன் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிறாள், நானும் மூட்டை வாயை நன்றாக விரித்துக் கொடுக்கிறேன். நடுவில் சில இரவுகள் விட்டுப்போனால், அந்த நாட்களை நினைவிலிருந்து பின்னோக்கி நிரப்ப முயலாதீர்கள், கடையில் அப்படி எழுதுகிற சிட்டைக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டு, இன்றைய தேதியைப் போட்டு எழுதுங்கள்.